கர்ராட் ஃபியோர்டு, 17 ஜூன் 2017: ஒரு மலைச்சரிவும் காலியான இரண்டு ஊர்களும் (நிகழ்வு ஆய்வு)

எதைப் பற்றியது

மேற்கு கிரீன்லாந்தில், கர்ராட் என்ற ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே புகுந்த குறுகிய கடலின்) கரையில் நின்ற மலை ஒன்றின் சரிவு 2017 ஜூன் 17 அன்று இரவு கடலுக்குள் விழுந்தது. அதில் எழுந்த அலை 32 கிலோமீட்டர் தாண்டிப் போய் நூகாட்சியாக் என்ற சிறிய ஊரைத் தாக்கியது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். 11 வீடுகள் கடலோடு போயின. அந்த ஊரும், உயிர்ச்சேதமே இல்லாத பக்கத்து ஊரான இல்லோர்சூட்டும் அப்போது காலியானவைதான். இரண்டிலும் இன்று யாரும் குடியிருக்கவில்லை.

நான் அந்த இடத்துக்குப் போனதில்லை. வெளியான ஆய்வுகளையும் பொதுவில் உள்ள அறிவிப்புகளையும் வைத்து எழுதுகிறேன். அங்கே இருந்தவர்கள் யாருடைய பெயரும் இதில் வராது. சம்பவத்தை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரே ஒரு காரணம்தான். மலை நகரத் தொடங்கியதை ஊருக்குள்ளேயே இருந்த ஒரு கருவி ஒன்பது மணி நேரம் முன்பிருந்தே பதிவு செய்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

ஊரும் மலையும்

ஃபியோர்டு என்றால் பனியாறு குடைந்த பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்த இடம். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவே ஆழமான, குறுகிய நீர். நம் ஊர்க் கழிமுகத்தை மனதில் வைத்துக்கொண்டால் தப்பாகிவிடும். இங்கே கரையிலிருந்து நாலு எட்டு வைத்தாலே பல நூறு மீட்டர் ஆழம் இருக்கலாம். மலையும் அப்படித்தான், நீர்மட்டத்திலிருந்து நேராக ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறும்.

உம்மன்னாக் பகுதி இப்படிப்பட்ட ஃபியோர்டுகளும் தீவுகளும் பின்னிக் கிடக்கும் இடம். நூகாட்சியாக் அங்கே ஒரு தீவின் கரையில், 71 டிகிரி வடக்கு அட்சரேகைக்கு மேலே இருந்தது. நூறு பேர் இருந்தால் அதிகம். தொழில் மீன்பிடிப்பும் சீல் வேட்டையும். கிரீன்லாந்தில் ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே சாலையே கிடையாது. கோடையில் படகு, குளிரில் நாய் வண்டி, அவசரத்துக்கு ஹெலிகாப்டர். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர் என்பதால் வீடுகள் கடலை ஒட்டியே இருந்தன. நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரியிலும் மீனவக் குடியிருப்புகள் ஏன் கரையிலேயே இருக்கின்றன என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்தான் இங்கேயும்.

சரிந்த மலையின் பெயர் உம்மியம்மாக்கு. ஊரிலிருந்து அது ஒரு பக்கத்து மலை என்று சொல்ல முடியாத தூரத்தில் இருந்தது. ஊருக்குப் பின்னால் நிற்கும் மலைக்கு யாரும் பயப்படுவார்கள். 32 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலையால் ஆபத்து வரும் என்று கணக்குப் போட, அதற்கென்று ஒருவர் வேண்டும்.

முன்னால் நடந்தவை

இது அந்தக் கடலோரத்துக்குப் புதிதல்ல. 2000 நவம்பர் 21 அன்று, இதே மேற்குக் கரையில் கொஞ்சம் தெற்கே, பாதூத் என்ற இடத்தில் மலை சரிந்தது. சுமார் 9 கோடி கன மீட்டர் பாறை நகர்ந்து, அதில் 3 கோடி கடலுக்குள் போனது. நீரிணையின் எதிர்ப்பக்கம் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த குல்லிசாட்டில் அலை 28 மீட்டர் உயரம் வரை ஏறியது. 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த சாக்காக்கில் படகுகள் நொறுங்கின. யாரும் சாகவில்லை. குல்லிசாட் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர், 1972இலேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் இல்லாத ஊரில் நடந்ததால் பாதூத் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளில் விரிவாகப் பதிவானது. ஆனால் 2017 வரை அந்தப் பாடம் கரையோர ஊர்களுக்கான எச்சரிக்கை ஏற்பாடாக மாறவில்லை. விபத்தில் சேதம் குறைவாக இருந்துவிட்டால் அது தகவலாக மட்டும் நின்றுவிடுகிறது. இது கிரீன்லாந்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

கர்ராட்டிலும் முன்னோட்டம் இருந்தது. 2017க்குப் பிறகு பழைய செயற்கைக்கோள் படங்களையும் நிலநடுக்கப் பதிவுகளையும் தோண்டியபோது, அதே மலைப் பகுதியில் 2009இலும் 2016இலும் சிறிய பாறைச்சரிவுகள் நடந்திருந்தது தெரிந்தது. அவை நடந்த சமயத்தில் யாரும் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. பார்க்க யாருக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

அன்று மதியத்திலிருந்து

நூகாட்சியாக்கில் ஒரு நிலநடுக்கமானி இருந்தது. கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் அசைவுகளைக் கவனிக்கப் பல நாடுகள் சேர்ந்து அமைத்த வலைப்பின்னலின் ஒரு நிலையம் அது. பெரிய பனியாறுகள் உடைந்து கடலில் விழும்போது உண்டாகும் அதிர்வுகளைப் பிடிப்பதுதான் அதன் வேலை. மலைச்சரிவுக்காக அதை வைக்கவில்லை.

ஜூன் 17 மதியத்தை ஒட்டி அந்தக் கருவியில் மிகச் சிறிய அதிர்வுகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவே இருந்தது, அச்சு வார்த்தது மாதிரி. ஒரே இடம், ஒரே வகை அசைவு. முதலில் இடைவெளி விட்டு வந்தன. நேரம் போகப் போக இடைவெளி குறைந்துகொண்டே போனது.

இதற்கு என்ன பொருள்? துருப்பிடித்த கடை ஷட்டரை இழுத்துப் பாருங்கள். ஒரே சீராக வராது. பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். பாறையும் அப்படித்தான். பிடித்திருக்கும் இடத்தில் அழுத்தம் ஏறி, ஒரு சின்ன வழுக்கல், அப்புறம் மறுபடி பிடிப்பு. ஒவ்வொரு வழுக்கலும் ஒரு நுண் நிலநடுக்கம். பாறைக்கு அடியில் வழுக்கும் தளம் தேயத் தேய, வழுக்கல்கள் நெருங்கி வரும். கடைசியில் பிடிப்பே இல்லாமல் மொத்தமும் இறங்கும்.

இது எல்லாம் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது என்பதைத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் அந்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. அதிர்வுகள் மனிதர் உணரும் அளவுக்கு இல்லை. கருவி பதிந்த தரவு ஆய்வுச் சேமிப்பகங்களுக்குப் போனது, அவ்வளவுதான்.

இரவு 9:39

இரவு என்று சொன்னாலும் இருட்டு கிடையாது. ஜூன் மாதத்தில் அந்த அட்சரேகையில் சூரியன் மறைவதே இல்லை. சனிக்கிழமை. உள்ளூர் நேரம் 9:39க்கு உம்மியம்மாக்குவின் தெற்கு நோக்கிய சரிவு இறங்கியது. விழுந்த பாறையின் அளவை ஆய்வுகள் 3.5 கோடியிலிருந்து 5.8 கோடி கன மீட்டர் வரை மதிப்பிடுகின்றன. பத்து கன மீட்டர் ஏற்றும் லாரியில் அள்ளினால், குறைந்த கணக்கிலேயே 35 லட்சம் நடை. அதில் பெரும்பகுதி நேராகக் கடலுக்குள் போனது.

அந்த இடத்தை ஒட்டிய கரையில் நீர் சுமார் 90 மீட்டர் உயரம் வரை ஏறியது. நல்லவேளையாக அங்கே யாரும் இல்லை. அலை ஃபியோர்டு வழியே வெளியே ஓடியது. சுனாமியின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 500 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 32 கிலோமீட்டரைக் கடக்க எட்டு நிமிடம்கூட ஆகாது.

ஊர்க்காரர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளிகள் பிறகு வெளிவந்தன. கடல் வீடுகளுக்கு நடுவே ஏறுவதும், மக்கள் மேட்டை நோக்கி ஓடுவதும் அவற்றில் இருக்கின்றன. படம் எடுக்கத் தொடங்கியவர்களுக்கு முதலில் அது என்னவென்று புரிந்திருக்க வாய்ப்பில்லை. கடல் ஏதோ விநோதமாக நடந்துகொள்கிறது, பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2004 டிசம்பர் 26 காலையில் நம் கரையில் நின்றவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். சுமத்ரா நிலநடுக்கத்துக்கும் தமிழகக் கரைக்கு அலை வந்ததற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்ல ஆள் இருந்திருந்தால் நேரம் இருந்தது. இங்கே மலை விழுந்த பிறகு சொல்வதற்கு நேரமே இல்லை. இங்கே எச்சரிக்கை என்று ஒன்று இருந்திருக்க வேண்டுமானால் அது மலை விழுவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

ஊரில் நீர் சுமார் 10 மீட்டர் உயரம் வரை ஏறியது. 11 வீடுகளைத் தூக்கிக்கொண்டு போனது. நான்கு பேர் அதில் போனார்கள். சிலருக்குக் காயம். அலை மோதியபோது நிலம் சாய்ந்து நிமிர்ந்ததும் அதே நிலநடுக்கமானியில் பதிவானது. ஆக, மலை வழுக்கத் தொடங்கியது, விழுந்தது, அலை வந்தது என்று மூன்றையும் ஒரே கருவி எழுதி வைத்திருக்கிறது. பேரிடர் ஆய்வில் இப்படி அமைவது அபூர்வம்.

முதல் முடிவு: எல்லோரையும் அப்புறப்படுத்துவது

அன்றிரவே நூகாட்சியாக் மக்களை ஹெலிகாப்டரில் வெளியே கொண்டுபோகத் தொடங்கினார்கள். கூடவே இல்லோர்சூட், நியாகோர்நாட் ஊர்களையும் காலி செய்தார்கள். மூன்றும் சேர்த்து ஏறக்குறைய 200 பேர். பெரும்பாலானவர்களுக்கு உம்மன்னாக் நகரத்தில் தங்க இடம் ஏற்பாடானது.

இந்த முடிவை எடுத்தபோது அதிகாரிகளிடம் இருந்த தகவல் ரொம்பக் குறைவு. முதல் சில மணி நேரங்களில் இது நிலநடுக்கம் என்றே பேசப்பட்டது. உலக நிலநடுக்க வலைப்பின்னல்களில் 4ஐ ஒட்டிய அளவில் ஓர் அதிர்வு பதிவாகியிருந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. 4 அளவுள்ள நிலநடுக்கம் சுனாமி எழுப்பாது. வேறு ஏதோ ஒன்று நீரைத் தள்ளியிருக்க வேண்டும். டென்மார்க் படையின் ஆர்க்டிக் பிரிவு வானிலிருந்து பார்த்தபோதுதான், மலையில் புதிதாகத் தோன்றியிருந்த பெரிய வடு தெரிந்தது. சரிவுதான் அதிர்வை உண்டாக்கியது, அதிர்வு சரிவை உண்டாக்கவில்லை என்று தெளிவானது.

காரணம் தெரிந்ததும் நிம்மதி வரவில்லை, கவலைதான் கூடியது. நிலநடுக்கம் என்றால் முடிந்துபோன விஷயம் என்று கொள்ளலாம். மலை விழுந்தது என்றால், விழாமல் மிச்சம் நிற்பது எவ்வளவு என்ற கேள்வி வரும். விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே சரிவில் விரிசல் விட்ட பெரிய பகுதிகள் நின்றுகொண்டிருந்தன.

என் கருத்தில், அந்த இரவில் எடுத்த முடிவு சரி. இல்லோர்சூட்டையும் நியாகோர்நாட்டையும் சேர்த்து அப்புறப்படுத்தியது அதிகப்படி என்று அப்போது சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் என்ன நடந்தது என்றே தெரியாத நிலையில், அடுத்த அலை எட்டு நிமிடத்தில் வரலாம் என்ற சூழலில், காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. ஹெலிகாப்டர் வந்து போக எடுக்கும் நேரமே அலையின் நேரத்தைவிடப் பல மடங்கு. சாலை உள்ள ஊரில் ஆபத்து நெருங்கியபின் கிளம்பலாம். சாலை இல்லாத ஊரில் ஆபத்துக்கு முன்னாலேயே கிளம்பியாக வேண்டும்.

இரண்டாவது முடிவு: திரும்ப விடுவதா, வேண்டாமா

இதுதான் கடினமானது. டென்மார்க், கிரீன்லாந்து இரண்டுக்கும் பொதுவான நிலவியல் ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் ராடார் படங்களை எடுத்துப் பார்த்தது. ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்த ராடார் படங்களை ஒப்பிட்டால், நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரியும். மேகம், இருட்டு எதுவும் தடையில்லை. துருவப் பகுதியில் பாதி வருடம் கண்ணால் பார்த்துப் பிரயோசனமில்லை என்பதால் இதைவிட நல்ல வழி கிடையாது. படங்கள் காட்டியது இது: கர்ராட்டின் அந்தச் சரிவில் இன்னும் சில பகுதிகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஏதாவது விழுந்தால் 2017 போலவோ அதைவிடப் பெரிதாகவோ அலை எழலாம்.

நியாகோர்நாட் மக்கள் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். நூகாட்சியாக், இல்லோர்சூட் இரண்டுக்கும் அனுமதி வரவில்லை. தற்காலிகம் என்று தொடங்கியது நீண்டு, கடைசியில் நிரந்தரமானது.

முடிவெடுத்தவர்கள் முன்னால் இருந்த வழிகளை நான் இப்படிப் பார்க்கிறேன். மலையைக் கண்காணித்து, நகர்வு கூடும்போது மட்டும் மக்களை வெளியேற்றுவது ஒரு வழி. நார்வே இதைத்தான் செய்கிறது. அங்கே ரோம்ஸ்டால் பள்ளத்தாக்கில் வெஸ்லமன்னன் என்ற பாறைச்சரிவு நகரும்போதெல்லாம் கீழே உள்ள சில வீட்டுக்காரர்களை வெளியேற்றினார்கள். 2014க்கும் 2019க்கும் நடுவே மொத்தம் 16 முறை. 2019 செப்டம்பர் 5 அன்று பாறை விழுந்தபோது கீழே யாரும் இல்லை. ஒருவருக்கும் கீறல் இல்லை. 15 முறை வீணாகக் கிளம்பியதாகப் புலம்பினார்களே தவிர, பதினாறாவது முறை பிழைத்தார்கள்.

அதே முறை கர்ராட்டில் நடக்குமா? நார்வேயில் காரில் ஏறினால் பத்து நிமிடத்தில் வேறு இடம். மலையடிவாரத்தில் கருவிகளுக்கு மின்சாரம், பழுது பார்க்க ஆள், எல்லாம் உண்டு. கர்ராட்டில் ஒரு கருவி நின்றுபோனால் வானிலை விடும்வரை ஹெலிகாப்டர் போக முடியாது. குளிர்காலத்தில் அது நாட்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் நூறு பேரை வானில் தூக்கிப் போக வேண்டும். எட்டு நிமிட சைரன் வைத்து மேட்டுக்கு ஓடச் சொல்லலாம், ஆனால் முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, மைனஸ் இருபதில், புயலில், இருட்டில் ஓட வேண்டியிருக்கும். 2017இல் ஜூன் மாத வெளிச்சத்தில் நடந்ததால்தான் இழப்பு நான்கோடு நின்றது என்பது என் எண்ணம்.

ஆகவே மூடிய முடிவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது எளிதாக ஏற்கப்பட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மேலே சொன்ன குல்லிசாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சுரங்கம் லாபம் தரவில்லை என்று மேலிருந்து உத்தரவு வந்து, முழு ஊரையும் பெயர்த்து அனுப்பினார்கள். கிரீன்லாந்து மக்களுக்கு அது இன்னும் ஆறாத காயம். ஊரை மூடுவது என்றாலே அங்கே அந்த நினைவு வரும். உயிரைக் காக்க மூடுவதும், லாபத்துக்கு மூடுவதும் ஒன்றில்லைதான். வெளியேறுகிறவருக்கு வீட்டுக் கதவைப் பூட்டும்போது அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

பின்னோக்கிப் பார்த்தபோது

சம்பவத்துக்குப் பிறகு சில மாதங்களிலேயே, நூகாட்சியாக் நிலநடுக்கமானியின் பதிவுகளை ஆராய்ந்து அந்த ஒன்பது மணி நேர அதிர்வுகள் வெளிக்கொணரப்பட்டன. வேறொரு ஆய்வு இன்னும் ஒரு படி போய், அதிர்வுகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்த விதத்தை வைத்தே சரிவு எப்போது நடக்கும் என்பதை முன்கூட்டிக் கணித்திருக்க முடியுமா என்று பார்த்தது. பின்னோக்கிச் செய்த அந்தக் கணிப்பு நன்றாகவே பொருந்தியது.

இதைப் படித்ததும் கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. கருவி ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறது, ஒன்பது மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லையா?

கொஞ்சம் பொறுத்து யோசித்தால் கோபம் அவ்வளவு நியாயமாகப் படவில்லை. அந்த அதிர்வுகளில் பல, கண்ணால் பார்த்தால் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு சிறியவை. ஒரு மாதிரி அலைவடிவத்தை எடுத்து, அதைப் போன்றவை வேறு எங்கெல்லாம் இருக்கின்றன என்று கணினியில் தேடும் முறையில்தான் கண்டுபிடித்தார்கள். மாதிரி எது என்று தெரிய, முதலில் சரிவு நடந்திருக்க வேண்டும். அதோடு, பனியாறு வெடிப்பதும் பனிப்பாறை புரள்வதும் அந்தக் கடலோரத்தில் அன்றாட விஷயம். ஒவ்வொரு சிறு அதிர்வுக்கும் ஊரைக் கிளப்பினால் மூன்றாவது முறை யாரும் கிளம்ப மாட்டார்கள். அப்புறம், எல்லா மலையும் இப்படி ஒன்பது மணி நேர முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தை விட முடியாது. 2009, 2016 சரிவுகள். அவற்றைக் கண்டுபிடிக்க நுண்ணதிர்வு ஆராய்ச்சி தேவையில்லை. பொதுவில் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களே போதும். ஒரே மலையில் ஏழு வருடத்தில் இரண்டு முறை பாறை விழுந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால், அந்த மலையைத் தனியாகக் கவனிக்கும் எண்ணம் வந்திருக்கும். கவனித்திருந்தால் அதிர்வுகளைத் தேடவும் காரணம் இருந்திருக்கும். பிசகு நடந்தது ஜூன் 17 மதியம் இல்லை, அதற்கு வெகு முன்னால்.

மலை ஏன் விழுந்தது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. வெளியிலிருந்து நிலநடுக்கம் எதுவும் தூண்டவில்லை. நிரந்தரமாக உறைந்து கிடந்த நிலம் இளகுவது முக்கியமான சந்தேகமாக இருக்கிறது. விரிசல்களில் உறைந்த பனி ஒருவகைச் சிமென்ட் மாதிரி பாறைகளைப் பிடித்து வைத்திருக்கும். அது இளகினால் பிடிப்பும் போகும், நீரும் உள்ளே இறங்கும். ஜூன் என்பது பனி உருகும் மாதமும்கூட.

பிறகு மாறியவை

நிலவியல் ஆய்வு நிறுவனம் கிரீன்லாந்து முழுவதும் படங்களை வைத்துச் சலித்து, 500க்கும் மேற்பட்ட பழைய, புதிய சரிவுகளை வரைபடத்தில் குறித்தது. கர்ராட்டில் எஞ்சிய பகுதிகளைத் தொடர்ந்து அளக்கிறார்கள். நார்வே நிபுணர்களின் அனுபவமும் இதில் பயன்பட்டது. ‘எந்த மலை’ என்ற கேள்விக்கு 2017க்கு முன்னால் பதிலே இல்லை. இப்போது ஒரு பட்டியலாவது இருக்கிறது.

பட்டியல் இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடவில்லை என்பதை 2023 காட்டியது. செப்டம்பர் 16 அன்று, இம்முறை கிழக்கு கிரீன்லாந்தில், டிக்சன் ஃபியோர்டில் ஒரு மலைச்சரிவு. சுமார் 2.5 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் விழுந்து, 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பியது. அப்புறம் அந்த நீர் குறுகிய ஃபியோர்டுக்குள் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒன்பது நாள் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தின் மெல்லிய அதிர்வு உலகம் முழுக்கப் பதிவாகி, இது என்ன என்று தெரியாமல் நிலநடுக்க ஆய்வாளர்கள் திகைத்தார்கள். சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ‘எல்லா’ என்ற பெயருள்ள தீவில் இருந்த ரோந்துப் படையின் தளம் சேதமானது. அன்று அங்கே ஆள் இல்லை. அந்த ஃபியோர்டு சுற்றுலாக் கப்பல்கள் போகும் பாதை.

நான் மாற்றச் சொல்பவை

முதலாவது, கருவியை யார் பார்ப்பது என்று எழுதி வைக்க வேண்டும். வேறு வேலைக்கு வைத்த கருவியாக இருந்தாலும் சரி. பனியாற்றுக்காக வைத்த நிலநடுக்கமானியின் தரவை மலைச்சரிவுக்காகவும் ஓட்டிப் பார்க்க இன்று கணினிச் செலவு பெரிதில்லை. இல்லாதது ஆளும் பொறுப்பும்தான்.

இரண்டாவது, சின்னச் சரிவுகளைச் சம்பவமாகக் கொள்ள வேண்டும். பாதூத்தில் யாரும் சாகவில்லை என்பதால் 17 வருடம் போனது.

மூன்றாவதாகச் சொல்ல நினைப்பது தொழில்நுட்பம் இல்லை. வெளியேற்றிய நாளன்றே, எப்போது திரும்பலாம் அல்லது திரும்பவே முடியாது என்பதை எந்த அளவுகோலை வைத்து, எந்தத் தேதிக்குள் முடிவு செய்வோம் என்று மக்களிடம் சொல்லிவிட வேண்டும். நூகாட்சியாக் மக்களுக்காவது ஊர் கண்முன்னே அழிந்தது. இல்லோர்சூட் மக்களின் நிலை வேறு. அவர்கள் வீடுகள் நின்றன. யாரும் இறக்கவில்லை. சில நாளில் திரும்பிவிடலாம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஹெலிகாப்டர் ஏறியவர்களுக்கு, அந்தச் சில நாள் இன்னும் முடியவில்லை.